வெள்ளிக்கிழமை மாத்திரை

தொண்ணூறுகளின் கடைசியில், வேலூரில் இதய டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அவர். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், தோலில் ஒட்டியிருக்கும் சவ்வைக் கத்தியால் சீவுகிறவர். இடது கைவிரலில் துணி சுற்றியிருந்தது. பேசும்போதெல்லாம் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

இதயத்தில் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின் போடும்படி எங்கள் இருவருக்கும் எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

“தினமும் போடுறீங்களா?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை மட்டும் சார். அன்னிக்குதான் ஷாப்பு லீவு. இன்னிக்குப் போட்டுட்டுதான் வந்தேன். மத்த நாள்ல போட்டா, கத்தி லேசா பட்டாலே ரத்தம் நிக்க மாட்டேங்குது.”

“மாரடைப்பு லீவு பார்த்தா வரும்? டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

“சொன்னா கத்திய வுட்டுடும்பாரு. வேற இன்னா வேலை தெரியும் எனக்கு? போட்டாலும் பயமா கீது, போடலன்னாலும் பயமா கீது சார்.”

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரிடம் சொன்னாரா, தெரியாது. அவர் எழுந்துபோன பெஞ்சில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது.

எனக்குக் கத்தி வேலை இல்லை. ஆனால் வயிற்றில் பழைய புண் இருக்கிறது; இந்த மாத்திரை போட்டால் அதிலும் ரத்தம் கசியலாம். அதை நானும் டாக்டரிடம் சொல்லியிருக்கவில்லை. மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இன்று என்ன கிழமை என்று பார்க்கிறேன்.