பிளானில் இருபதடி

எங்கள் ஆபீசில் சீஃப் கிளார்க்காக இருந்த நாகநாதன் 1979இல் ஓய்வு பெற்றார். மறுநாளே ஒரு புதிய ஃபைல் திறந்தார். அதன் அட்டையில் ‘வாகனம் – தோட்ட வாழ்க்கைக்கு’ என்று எழுதியிருந்தது. தட்டச்சு வேலை என் தலையில் விழுந்தது. பதினெட்டு வருடம் அவருக்குக் கீழே இருந்தவனுக்கு, அவர் ஓய்வு பெற்றாலும் ஓய்வு கிடையாது.

எங்கள் தீவின் மறுபக்கத்தில், பாலிக் புலாவ் மலையில் மூன்று ஏக்கர் டுரியான் பழத்தோட்டத்தை, அதிலிருந்த பலகை வீட்டோடு வாங்கியிருந்தார். இனிமேல் உப்பைத் தவிர எதையும் கடையில் வாங்கப் போவதில்லை, மரவள்ளியும் கோழியும் கிணற்றுத் தண்ணீரும் போதும் என்று ஆபீஸ் ஊழியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினோம். அவர் கை மண்வெட்டி பிடித்து யாரும் பார்த்ததில்லை என்பதை நாகரிகம் கருதி ஒருவரும் சொல்லவில்லை.

மலைக்கு ஒரு முரட்டு வண்டி வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. ஒரு ஜப்பான் ஜீப் சிறியது. இன்னொன்றில் மின்சாரச் சாமான்கள் அதிகம். காட்டில் கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது? கடைசியில் பழைய லேண்ட் ரோவர்தான் தேறியது. உடம்பு அலுமினியம், துருப்பிடிக்காது. கதவைக் கழற்றி வைக்கலாம். பேட்டரி செத்தாலும் முன்பக்கம் கம்பியைச் செருகிச் சுற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எத்தனை அங்குலத் தண்ணீரில் இறங்கும், எவ்வளவு சரிவில் ஏறும் என்பதற்கெல்லாம் தனித்தனித் தாள் போட்டார்.

ஒவ்வொரு தாளின் கீழும் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் அவர் கையெழுத்து, ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து. நான் எதையும் சரிபார்க்கவில்லை. எங்கள் ஆபீசில் சரிபார்ப்பது என்றாலே கையெழுத்துப் போடுவதுதான்.

அவர் மனைவி தவமணி ஒருநாள் தேநீரை வைத்துவிட்டு நின்றார்.

"ஏனப்பா, தோட்டத்துக்கு மேல போற பாதையைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். சர்வே பிளானில இருபதடி அகலம் கிடக்கு. சிவப்புக் கோடு போட்டு முத்திரையும் குத்தியிருக்கு."

"நான் பிளானைக் கேக்கேல்லை."

"முத்திரைக்கு மேல என்ன வேணும் உமக்கு?"

தோட்டத்தை அவர் கீழே தார் ரோட்டில் குடையோடு நின்று பார்த்ததோடு சரி. விற்றவர் கையை நீட்டி மலையைக் காட்டினார். இவர் பிளானைப் பார்த்துத் தலையசைத்தார்.

1981 மே மாதக் கடைசி. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் வாங்கிய லேண்ட் ரோவர் ஃபெரியில் வந்து இறங்கியது. கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மாலை போட்டு, பர்மா ரோட்டு வாடகை வீட்டின் சாவியையும் அன்று காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாகநாதன் ஓட்ட, தவமணி முன்னால், நான் பின்னால் கோழிக் கூண்டோடு.

பாலிக் புலாவில் தார் ரோடு முடிந்த இடத்தில் சிமெண்டுப் பாதை ஒன்று மேலே ஏறியது. ஒரு பாயை விரித்தால் அதன் அகலம் தீர்ந்துவிடும். மேலிருந்து ஹோண்டா மோட்டார் சைக்கிளில், இரண்டு பக்கமும் பிரம்புக் கூடை தொங்க, பக்கத்துத் தோட்டக்காரர் அப்துல் ஹமீது இறங்கி வந்தார். நாகநாதன் வண்டியிலிருந்து தலையை நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் விலகுங்க. என் தோட்டத்துக்குப் போகணும். ரோடு எங்க?"

"இதான் ரோடு, ஐயா. மோட்டார் மட்டும்தான் போகும் லா. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்."

நாகநாதன் பிளானை எடுத்து வண்டியின் முன்பக்கத்தில் விரித்து, இருபதடியைக் காட்டினார். ஹமீது மரியாதையாகக் குனிந்து பார்த்தார்.

"பிளான் நல்லா இருக்கு, ஐயா."

நாகநாதனின் விரல் அந்தச் சிவப்புக் கோட்டிலேயே நின்றது. திரும்பிப் போக வீடு இல்லை. அத்தனை தாளிலும் என் கையெழுத்து இருந்தது நினைவுக்கு வந்து, எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

தவமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரிசிப் பானையோடு ஹோண்டாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஹமீது எட்டுத் தடவை ஏறி இறங்கினார். எட்டாவது தடவை நாகநாதன் போனார், ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி.

ஜூலையில் நான் பார்க்கப் போனேன். லேண்ட் ரோவர் நிறுத்திய இடத்திலேயே நின்றது. பின்கதவைக் கழற்றிவிட்டு உள்ளே டுரியானை அடுக்கியிருந்தார்கள். கதவைக் கழற்றலாம் என்று தாளில் எழுதியது உண்மைதான். நாகநாதன் அதன் நிழலில் உட்கார்ந்து பழம் விற்றுக்கொண்டிருந்தார். உப்போடு அரிசி, பருப்பு, சீனி எல்லாம் கடையில்தான் வாங்குகிறார்களாம். அதை அவரே சொன்னார்.

தவமணி மேலிருந்து ஹோண்டாவைத் தானே ஓட்டிக்கொண்டு, கூடை நிறையப் பழத்தோடு இறங்கி வந்தார்.

நாகநாதன் ஃபைலை எடுத்தார். புதிதாக ஒரு தாள், கையால் எழுதியது. ‘பாதையின் அகலம்: மூன்றடி இரண்டு அங்குலம். நேரில் அளந்தது.’ கீழே அவர் கையெழுத்து. பழக்கதோஷம், என் கை சட்டைப் பைப் பேனாவுக்குப் போனது. அவர் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நீர் வேண்டாம். தவம், இஞ்ச வாரும்."

தவமணி கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அளக்கும்போது நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் அவர்தான்.