இருக்குன்னு ஒரு வார்த்தை

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பத்தொன்பது வருஷமாகப் போர்வை துவைக்கிறவள் அவள். ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணீர், எண்ணெய்க்கறைக்கு வெந்நீர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். புருஷன் போன பிறகும் யாரிடமும் போய் நின்றதில்லை. வாய்விட்டுக் கேட்டது ஒரே தடவை, அதுவும் கூடப்பிறந்த தம்பியிடம்.

மகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. படிப்புச் செலவுக்கு உதவித்தொகை உண்டு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் வசதியுள்ள ஒருவர் வங்கிக் கணக்கைக் காட்டி, 'நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட வேண்டும். அங்கே பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வேன், மாமா கையைவிட்டு ஒன்றும் போகாது என்றாள் மகள்.

தம்பிக்கு டைல்ஸ் கடை, மூன்று கிடங்கு. ஆனால் குடும்பத்தில் அவன் பெயர் பஞ்சப்பாட்டு. எவன் எப்போது கை நீட்டுவானோ என்ற பயத்தில், 'சௌக்கியமா?' என்று கேட்டாலே, 'எங்கங்க, வியாபாரமே படுத்துடுச்சு' என்று ஆரம்பித்துவிடுவான். புதுக் கார் வாங்கிய அன்றும் அதை ஓட்டிக்கொண்டே அதைத்தான் பாடினான். அவன் மனைவிக்கு ஆபரேஷன் ஆனபோது அக்கா பதினைந்து நாள் லீவு போட்டுப் பணிவிடை செய்தாள். அதற்கப்புறம்தான் கையெழுத்து விழுந்தது.

அப்புறம் விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'பொறுப்பேற்றவரைத் தொலைபேசியில் விசாரித்தோம். தம் வருமானம் தமக்கே போதவில்லை என்றார். வெள்ளிக்கிழமைக்குள் அவரே அழைத்து விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.'

அன்றுதான் வெள்ளிக்கிழமை. கடிதத்தோடு கடைக்கு ஓடினாள்.

"புது நம்பரா இருந்துச்சுக்கா. வசதி எப்படின்னு கேட்டாங்க. வாய் தானா ஆரம்பிச்சிடுச்சு" என்று தலையைச் சொறிந்தான் தம்பி.

"போனது போகட்டும். இப்ப கூப்பிட்டு, இருக்குன்னு சொல்லு. அது போதும்."

போனைக் கையில் வாங்கியவன் சுற்றிலும் பார்த்தான். பெட்டி தூக்குகிற ஆட்கள் நின்றார்கள். வாடகையை ஏற்றிக் கேட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர் நின்றார்.

"இவங்க முன்னாடியா?"

காருக்குள் போய் உட்கார்ந்தார்கள். கண்ணாடியை ஏற்றினான். அங்கே கேட்க ஒருவரும் இல்லை. அப்போதும் விரல் நம்பரை அழுத்தவில்லை.

"அக்கா, ஒரு தடவை இருக்குன்னு சொல்லிட்டா பதிவாயிடும். நாளைக்கு அவ அங்கேருந்து, பணம் அனுப்பு மாமான்னு கேட்டா நான் என்ன பண்றது? இங்கேயே நம்ம கடையில பில் போடட்டுமே."

பதினைந்து நாள் அந்த வீட்டில் எச்சில் தட்டு எடுத்த கையால் அவனை அறையலாம் போல இருந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி நடந்தாள். அவளே அழைத்துச் சொன்னால் செல்லாது, அவன்தான் பேச வேண்டும்.

வீட்டு வாசலிலேயே மகள் நின்றிருந்தாள். "மாமா பேசினாராம்மா?"

அவ்வளவு இருந்தும் உனக்காக ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை என்று பெற்றவள் எப்படிச் சொல்வாள்?

"அவன்கிட்ட நிஜமாவே இல்லையாம்டி. கணக்குல காட்டினது வேற யாரோடதோ. நமக்காகக் கைமாத்தா வாங்கிப் போட்டிருந்தானாம்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம்மா மாமா. நமக்காக யார் யார்கிட்ட போய் நின்னாரோ. நாளைக்கு நான் நேர்ல போய் நன்றி சொல்லிட்டு வரேன்."