ஓய்வு மேஜை

மெலிண்டா ஸ்பர்லாக் பத்தொன்பது வருஷமாக மனித உடம்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மேற்கு வர்ஜீனியாவில், ஆற்றோரத்து முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாள் வேலை. புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடுவில் உதை வாங்குவது எல்லாம் அவள் பொறுப்பு. மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பது மட்டும் நர்ஸ் பொறுப்பு. சம்பளத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆகவே நாற்பத்திரண்டாம் வயதில் தானும் நர்ஸ் ஆகிவிடுவது என்று முடிவு கட்டினாள். கல்லூரியில் போய்க் கேட்டாள்.

"தாராளமா ஆகலாம்மா. அதுக்கு முன்னாடி ஒரு பூனையை அறுக்கணும்," என்றார்கள்.

நர்ஸ் படிப்பெல்லாம் அப்புறம்தான். அதன் வாசலில் வரிசையாக அறிவியல் பாடங்கள் காவல் நிற்கின்றன. அதில், பூனையை அறுக்கச் சொல்லும் உடற்கூறியல்தான் பெரிய பூதம். அந்தப் பாடத்தில் 'பி' கிரேடுக்குக் கீழே போனால் நர்ஸ் வகுப்பில் இடம் இல்லை. இரண்டு முறைதான் முயலலாம். முதல் முறை மெலிண்டா மண்ணைக் கவ்வியாயிற்று. இது இரண்டாவது. இதையும் கோட்டை விட்டால் ஆயுசு முழுக்கத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பாடம் நடத்தியவர் டாக்டர் ப்ரூக்ஷயர். தவளைக்குத் தூரத்துச் சொந்தமான ஏதோ ஒரு பிராணியின் சிறுநீரகத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அந்தச் சிறுநீரகத்தை மதிக்கவில்லை. பாவம், மனுஷன் இங்கே வந்து சேர்ந்தார். அந்தக் கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டாமா? முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வான்கோழி வேகறதுக்குள்ள உங்கள்ல பாதிப் பேர் காணாமப் போயிடுவீங்க. போறவங்க கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிர் உள்ள வரும்."

மெலிண்டா போகவில்லை. வீட்டையே பாடசாலை ஆக்கினாள். டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் டெல்பர்ட்தான் எலும்புக்கூடு. அவன் சோபாவில் சாய்ந்ததும் காகித டேப்பில் பெயர் எழுதி ஒவ்வொரு எலும்பின் மேலும் ஒட்டுவாள்.

"அசையாதே டெல்பர்ட். உன் விலா எலும்பைக் காணோம்."

"இருபது வருஷமா பீர் ஊத்தி மூடி வச்சிருக்கேன் தங்கம். நல்லாத் தேடு, கிடைக்கும்."

ஒருநாள் பின்கழுத்தில் ஒட்டியதை எடுக்க மறந்து அவன் கடைக்குப் போய்விட்டான். சாயங்காலம் வரை கடையில் எல்லாரும் அவனை அந்த லத்தீன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். அறுக்கிற பூனையைக் கெடாமல் வைக்கும் மருந்தின் நாற்றம் அவள் கையை விட்டுப் போகவே இல்லை. வீட்டு நாய் அவளைக் கண்டாலே உறுமியது. படிப்பு என்றால் சும்மாவா!

வேலையிலும் படிப்புதான். இல்லத்தில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கிழவிகளின் பல்செட்டுகளைக் கழுவ வேண்டும். ஒவ்வொன்றும் பெயர் எழுதிய டப்பாவில் இருக்கும். ஒன்றைக் கழுவி, அதே டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். மெலிண்டா மணிக்கட்டு எலும்புகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே எல்லா டப்பாவையும் ஒரே பேசினில் கவிழ்த்துவிட்டாள். எட்டு எலும்பும் மனப்பாடம் ஆனது. நிமிர்ந்து பார்த்தால் பேசின் முழுக்கப் பற்கள் சிரிக்கின்றன.

சொல்லாமல் மறைக்க முடியுமா? மேற்பார்வையாளர் கார்லீனிடம் போய் உள்ளதைச் சொன்னாள். கார்லீன் தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வாயாக வைத்துப் பார்த்து, மறுபடி கழுவி, மறுபடி வைத்துப் பார்த்து, எல்லாம் அதது வாயில் போய்ச் சேர்ந்தன. ஓப்பல் கிழவி மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள்.

"யாரோடதா இருந்தா எனக்கென்னடி? நாலு வருஷத்துல இப்பதான் பல்லு ஆடாம இருக்கு. குடுக்க மாட்டேன், போ."

இரண்டு கிண்ணம் புட்டிங் லஞ்சம் கொடுத்த பிறகுதான் அந்தப் பல் வெளியே வந்தது.

பிறகு மணித் தேர்வு வந்தது. இதைக் கண்டுபிடித்தவன் மனுஷனாக இருக்க முடியாது. கூடம் முழுக்க மேஜைகள். ஒவ்வொன்றிலும் அறுத்த பூனையோ ஆட்டு இதயமோ இருக்கும், அதில் ஒரு ஊசி குத்தியிருக்கும். ஊசி குத்திய இடத்தின் பெயரை எழுத வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு மணி அடிக்கும், அடுத்த மேஜைக்கு ஓட வேண்டும். மேஜைக்கு ஒரு எண், விடைத்தாளில் அதே எண்ணுக்கு ஒரு வரி. நடுவில் ஒரே ஒரு ஓய்வு மேஜை. அதில் கேள்வி கிடையாது, வெறும் நாற்காலிதான். உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். விடைத்தாளில் அந்த வரியைக் காலியாக விட்டுவிட வேண்டும்.

மெலிண்டா பாதி மேஜைகளைத் தாண்டி ஓய்வு மேஜைக்கு வந்தாள். நாற்காலி அவள் கண்ணில் படவில்லை. மேஜை மேல் மருந்துத் தண்ணீர் சிந்திக் கிடந்தது பட்டது. கை தானாகக் காகிதத் துண்டை உருவியது. மேஜையைத் துடைத்தாள், விளிம்பைத் துடைத்தாள், குனிந்து தரையையும் துடைத்தாள். மணி அடித்தது. அடுத்த மேஜைக்கு ஓடி, அங்கே கண்ட பித்தப்பையின் பெயரை, காலியாக விட வேண்டிய வரியில் எழுதினாள். அதிலிருந்து எல்லா விடையும் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டது. கடைசியில் ஒரு வரி மிச்சம் இருந்தது. எதையோ விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று பதறி அதில் 'மண்ணீரல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மண்ணீரல் பாவம், அது என்ன செய்யும்?

தாள் திரும்பி வந்தபோது பாதிக்குக் கீழே முழுக்கச் சிவப்பு. விஷயம் புரிந்ததும் டாக்டர் ப்ரூக்ஷயரின் அறைக்கே போனாள்.

"எல்லாம் சரியான விடை சார். ஒரு வரி மாறிப் போச்சு, அவ்வளவுதான். பாருங்க."

அவர் பார்த்தார். உண்மைதான் என்று அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் தாளைத் திருப்பி நீட்டினார்.

"பதினாலாம் கட்டில் மருந்தைப் பதினஞ்சாம் கட்டிலுக்குக் குடுத்துட்டு, சரியான மருந்துதான், ஒரு கட்டில் மாறிப் போச்சு, அவ்வளவுதான்னு சொல்வீங்களா மிஸஸ் ஸ்பர்லாக்?"

சுருக்கென்று தைத்தது. பேசின் நிறையப் பற்கள் கண்முன்னே வந்து சிரித்தன. பேசாமல் எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் போனால் கதவு மூடியது மூடியதுதான்.

"சொல்ல மாட்டேன் சார்," என்றாள். "போன மாசம் ஒரு வார்டு பல்செட்டையே கலந்துட்டேன். உங்க பாடத்தைப் படிச்சுக்கிட்டே கழுவினேன். நானே போய்ச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கிட்டு, ஒவ்வொரு பல்லையும் அதது வாயில கொண்டு சேத்தோம். மாறிப் போச்சேன்னு யாரும் பல்லைக் குப்பையில கொட்டலை."

டாக்டர் ப்ரூக்ஷயரின் மீசை லேசாக ஆடியது. "ஓய்வு மேஜையில சும்மா உக்கார்றதுக்கு என்ன? அங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

"தண்ணி சிந்திக் கிடந்துது. தொடைச்சேன்."

"அது உங்க வேலையா?"

"யார் வேலைன்னு கேட்டுக்கிட்டு நின்னா எங்க இல்லத்துல வழுக்கி விழுந்து யாருக்கும் இடுப்பெலும்பு மிஞ்சாது சார்."

அவர் வெகுநேரம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். "மாறிப்போன விடைக்கெல்லாம் பாதி மார்க். அதுக்கு மேல ஒரு மயிரிழை கூடத் தர மாட்டேன். கடைசித் தேர்வுல மறுபடி வரி மாறினா என்கிட்ட வராதீங்க."

பாதி மார்க்கை வைத்துக்கொண்டு 'பி' வாங்க வேண்டுமானால் கடைசி மணித் தேர்வில் ஏறக்குறைய ஒன்றுமே தப்பக் கூடாது. டெல்பர்ட் தினமும் சட்டையைக் கழற்றிவிட்டுச் சோபாவில் படுத்தான். இந்த முறை கேலி எதுவும் பண்ணவில்லை.

தேர்வன்று மெலிண்டா ஓய்வு மேஜைக்கு வந்தாள். கடன்காரப் பூனை பக்கத்து மேஜையிலிருந்து இன்றைக்கும் ஒழுகியிருந்தது. குளம் மாதிரி தேங்கி, மேஜை விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. காகிதத் துண்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. விடைத்தாளில் அந்த வரிக்குக் குறுக்கே பெரிய கோடு ஒன்று போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். சொட்டு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். ஒன்பது மணிநேரம் நின்றுகொண்டு வேலை பார்த்தபோதெல்லாம் வராத அலுப்பு அந்த நாற்காலியில் வந்தது. அழுகையும் வந்தது. மணி அடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுத்த மேஜைக்குப் போனாள்.

'பி' வந்தது, விளிம்பில் தொங்கிக்கொண்டு. ஆனால் அது அடுத்த வாரக் கதை. அன்றைக்கு எல்லாரும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியேறிய பிறகு, மெலிண்டா திரும்பிப் போய்க் காகிதத் துண்டை உருவினாள்.

"அதுக்கு மார்க் கிடையாது மிஸஸ் ஸ்பர்லாக்," என்றார் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்த டாக்டர் ப்ரூக்ஷயர்.

"தெரியும் சார்," என்றாள் அவள். "காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க."