ஈஸ்வரி அக்கா சொன்னதும் அம்மா சொன்னதும்

மார்ஜரி ஆன்ட்டி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அவருடைய வாசனை வந்துவிடும். கொசு கடிக்காமல் இருக்கக் கழுத்திலும் முழங்கையிலும் அப்பிக்கொள்ளும் ஏதோ ஒரு களிம்பும், வாடகை அம்பாசிடரின் ஜன்னல் வழியே சாம்பலைத் தட்டிக்கொண்டே வந்த சிகரெட்டும் கலந்த அந்த வாசனை சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் தெருவில் நுழையும்போது, குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். திண்டுக்கல்லில் அப்போது தண்ணீர் வருவதே பெரிய விசேஷம். அந்த விசேஷத்தையும் விட்டுவிட்டு அவர்கள் எங்கள் வாசலைப் பார்த்ததில் ஆறாம் வகுப்புப் படித்த எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் இங்கிலாந்தில் பேர்பெற்ற பத்திரிகையாளர், நாவலும் எழுதியவர். பூப்பறிக்கும் பெண்களைப் பற்றி எழுதுவதற்காக வந்து, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் நான்கு மாதம் தங்கியிருந்தார். பெண்கள் பள்ளியில் ஆங்கில டீச்சராக இருந்த என் அம்மாவை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் அம்மா அவருடைய மொழிபெயர்ப்பாளர். வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் நானும் கூடவே போவேன். அம்மா அவரை "மேடம்" என்றாள், ஊர்க்காரர்கள் "வெள்ளக்காரம்மா" என்றார்கள், ஆன்ட்டி என்று கூப்பிடும் உரிமை எனக்கு மட்டும் கிடைத்தது.

காரில் போகும்போது அவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டு வருவார். சின்ன ஊர் ஒன்றின் பத்திரிகையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்ததும், யார் வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று எழுதும் வேலையை அவர் தலையில் கட்டியதும், பெண்கள் பக்கத்துக்கு கேக் செய்முறை கேட்ட ஆசிரியரிடம் அதே பக்கத்தில் கூலி குறைவாக வாங்கும் பெண்களைப் பற்றித்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்து வேலை போனதும், லண்டனுக்குப் போய் வாராவாரம் பத்தி எழுதிப் பேர் வாங்கியதும், அந்தப் பத்தி வேண்டுமா நான் வேண்டுமா என்று கேட்ட புருஷனிடம் பத்திதான் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கியதும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. புருஷன் கட்டம் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வத்தலக்குண்டு ரோட்டுப் புளியமரங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். நான் வாயைப் பிளந்து கேட்பேன். கம்பிச்சுருள் வைத்த நோட்டு ஒன்றை என் கையில் கொடுத்து, நீயும் பத்திரிகைக்காரிதான், கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள், பதில் சொல்கிறவள் பேசி முடிக்கட்டும் என்று அவர் சொன்ன நாளிலிருந்து, அவர் என்ன சொன்னாலும் எனக்கு அது வேதம்.

நாங்கள் போனது சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் அம்மா பிறந்த ஊருக்கு. அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, வீட்டில் ஒன்றரை ஏக்கர் மல்லிகை இருந்தது. விடிவதற்குள் "மொக்கு" பறித்து முடித்துவிடுவார்கள். நாங்கள் போய்ச் சேரும் நேரத்தில் மோட்டார் ரூம் நிழலில் ஏழெட்டுப் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து, "தூக்குச்சட்டி"யில் கொண்டுவந்த பழைய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆன்ட்டி நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் டேப் ரிக்கார்டரை வைப்பார். கேட்டால், எல்லாம் ஞாபகத்துக்குத்தான் என்பார். அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

பெரியம்மா மகள் ஈஸ்வரி அக்கா அந்த வருஷம் பத்தாவது பாஸ் செய்திருந்தாள். அந்தத் தோட்டத்துப் பெண்களிலேயே பேனா பிடிக்கத் தெரிந்தவள் அவள்தான். ஆன்ட்டி கேட்கிற கேள்விக்கு எல்லோரும் சிரித்து மழுப்பும்போது முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னவளும் அவள்தான். அவளைத் தாய்மாமனுக்குக் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. தாய்மாமன் என்றால் பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் தம்பி, எனக்கும் மாமாதான். அவளைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்லமுடியாது. எனக்கு வாங்கிவரும் தின்பண்டத்தில் பாதியைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வருகிற மனுஷர். அம்மாவைக் கல்லூரிக்கு அனுப்பத் தோட்டத்து வேலைக்கு ஆள் வேண்டுமென்று எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். அம்மா டீச்சரானது அவர் புத்தகப் பையைக் கீழே வைத்ததால்தான். இதை எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது சொல்லிக் காட்டுவார்கள், அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு சனிக்கிழமை ஆன்ட்டி எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். உங்களுக்கு என்று ஒன்று கேட்கலாம் என்றால் என்ன கேட்பீர்கள்? ஒருத்தி பம்புசெட்டுக்குப் புது மோட்டார் என்றாள், இன்னொருத்தி மகனுக்கு வேலை என்றாள். ஈஸ்வரி அக்காவின் முறை வந்தது. அவள் சோற்றுக் கையைத் தாவணியில் துடைத்துவிட்டு, ஆன்ட்டியைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துப் பேசினாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் சித்தி. மாமா மேல ஒரு குத்தமும் இல்ல. நான் படிக்கணும். டவுன்ல சிஸ்டருங்க ஆஸ்டல் இருக்குல்ல, அதுல சேத்துவிடச் சொல்லி இவுகள எங்கப்பாகிட்டப் பேசச் சொல்லுங்க. வேற ஆரு சொன்னாலும் அவரு கேக்க மாட்டாரு, வெள்ளக்காரம்மா சொன்னாக் கேப்பாரு. நான் திங்கிற சோத்துக்கு அங்கயும் பூக்கட்டிக் குடுத்துருவேன்னு சொல்லுங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. பெரியம்மா அப்போது அங்கே இல்லை. இருந்திருந்தால் அங்கேயே அறை விழுந்திருக்கும். ஆன்ட்டி அம்மாவைப் பார்த்தார். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் பாடம் நடத்துகிற அதே தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்: இவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், ரொம்ப சந்தோஷமாக இருக்கிறாள், நீங்கள் கட்டாயம் வந்து ஆசீர்வாதம் செய்ய வேண்டும், அதுதான் இவள் ஆசை.

ஆன்ட்டி ஈஸ்வரி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வருகிறேன், நிச்சயமாக வருகிறேன் என்றார். அக்காவுக்கு அது புரியவில்லை. ஆனால் கையைப் பிடித்தது புரிந்தது. அவள் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் பார்த்தேன். நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் எனக்கும் புரிந்தது. மடியில் இருந்த நோட்டை மூடி வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டாள். "வீட்டு வெவகாரத்த வெளியாளுக கிட்ட விரிச்சுப் போடக் கூடாது, தெரியுதா? ஈஸ்வரி சின்னப் புள்ள, என்னமோ ஒளறுறா. நீ வாயத் தொறந்தீன்னா அடுத்த சனிக்கிழமையிலேருந்து ஒன்னய ஒங்க அத்தை வீட்ல விட்டுட்டுத்தான் போவேன்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது முக்கால் பொய். காரின் முன்சீட்டு போய்விடும் என்று பயந்தேன், ஆன்ட்டியின் சனிக்கிழமைகள் போய்விடும் என்று பயந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

கல்யாணத்துக்கு ஆன்ட்டி பட்டுச்சேலையில் வந்தார், அம்மாதான் கட்டிவிட்டாள். மண்டபம் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. மணவறையில் குனிந்து உட்கார்ந்திருந்த ஈஸ்வரி அக்கா, சலசலப்பைக் கேட்டு நிமிர்ந்தாள். கடைசி நிமிஷத்திலாவது வந்துவிட்டாரே என்று அவள் நினைத்திருக்க வேண்டும், கண் அப்படி விரிந்தது. ஆன்ட்டி நேராகப் போய் அட்சதையைக் கையில் வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். தாலி ஏறியதும் எல்லோரையும் போலத் தூவினார். பிறகு அக்காவின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் அக்கா கேமராவைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நான் அம்மாவை மன்னிக்கவில்லை. சோறு போட்டாள், படிக்கவைத்தாள், காய்ச்சலில் விழித்துக் கிடந்தாள், எல்லாம் சரி. வாய்ச்சண்டை வரும்போதெல்லாம் நீ ஈஸ்வரி அக்காவுக்குச் செய்ததை எனக்குச் செய்யமாட்டாய் என்று என்ன நிச்சயம் என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிடுவேன். ஒரே ஒரு தடவை பதில் சொன்னாள். "அவன் படிப்ப வாங்கித்தான நான் படிச்சேன். அவனுக்குப் பேசி முடிச்ச பொண்ணையும் என் வாயாலேயே கலைக்கச் சொல்றியா?" என்றாள். எனக்கு அது பதிலாகவே படவில்லை. மார்ஜரி ஆன்ட்டிக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தால் அந்த ஊரையே இரண்டாக்கியிருப்பார் என்பதுதான் என் நம்பிக்கை. இணையம் வந்த பிறகு அவருடைய பழைய பத்திகளைத் தேடித்தேடிப் படித்தேன். பேச முடியாதவளுக்காகப் பேசுவதுதான் என் தொழில் என்று அவர் எழுதிய இடத்தில் எல்லாம் எனக்குக் கண் கலங்கும். பாவம், அவரையும்தானே அம்மா ஏமாற்றினாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். துக்கத்துக்கு வந்தவர்களிலேயே அதிகம் கதறியது ஈஸ்வரி அக்கா. மாரில் அடித்துக்கொண்டு, "எனக்காக அந்த வெள்ளக்காரிகிட்ட வாய்விட்டுக் கேட்டவ நீ ஒருத்திதான சித்தி, அவளுக்கு மனசு வல்லியே, நீ கேட்டியே" என்று அழுதாள். அவள் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான்: சித்தி சொன்னாள், வெள்ளைக்காரி கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். பெற்றவளின் பிணத்தருகே நின்றுகொண்டு, அவள் பொய்சொன்னாள் என்று எப்படிச் சொல்வேன்? அன்றும் சும்மா இருந்தேன்.

காரியம் முடிந்த சில வாரங்களில், ஆன்ட்டி அந்தப் பயணத்துக்குப் பிறகு எழுதிய நாவல் ஒன்று பழைய புத்தகமாக இணையத்தில் கிடைத்தது. அவர் பேரைப் பெரிதாக்கியதே இந்த நாவல்தான் என்று அட்டையில் போட்டிருந்தது. தென்னிந்தியாவுக்குப் போகிற ஒரு பத்திரிகைக்காரியின் கதை. நூறு பக்கம் தாண்டியதும் மோட்டார் ரூம் வந்தது, டீச்சர் வந்தாள், தாவணி போட்ட பெண் வந்தாள். டீச்சர் மொழிபெயர்க்கிறாள்: ரொம்ப சந்தோஷமாக இருக்கிறாள், நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அடுத்த அத்தியாயத்தில் பத்திரிகைக்காரி தன் ஒலிநாடாக்களை மதுரையில் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் கொடுத்து, வாராவாரம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குகிறாள். திங்கிற சோற்றுக்கு அங்கேயும் பூக்கட்டிக் கொடுத்துவிடுவேன் என்று அந்தப் பெண் சொல்வது அச்சில் இருந்தது. அம்மாவின் வாயிலிருந்து ஆங்கிலத்தில் ஒருநாளும் வராத வாக்கியம் அது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தக் காகிதம் கதாநாயகியின் கைக்கு வருகிறது. லாட்ஜ் அறையில் அழுகிறாள், சிகரெட்டாகப் பிடித்துத் தள்ளுகிறாள், நான் பார்க்க வந்தவள், தலையிட வந்தவள் அல்ல என்று முடிவெடுக்கிறாள், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறாள். மனச்சாட்சியின் தவிப்பை இவ்வளவு நேர்மையாக யாரும் எழுதியதில்லை என்று பின்னட்டையில் ஒருவர் புகழ்ந்திருந்தார். புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். அம்மாவாவது தம்பிக்காகப் பொய் சொன்னாள். இந்த அம்மாள் ஒரு அத்தியாயத்துக்காகச் சும்மா இருந்தாள். பதிப்பகத்துக்குக் காட்டமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். கதையில் வருவது யாவும் கற்பனை, வயது காரணமாக ஆசிரியர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில்லை என்று இரண்டு வரி வந்தது.

கிணறு வற்றியதும் பெரியம்மா வீட்டார் மல்லிகைத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அங்கே இப்போது மஞ்சள் கல் நட்ட பிளாட்டுகள், மோட்டார் ரூமும் இல்லை. மாமாவும் ஈஸ்வரி அக்காவும் ஆயக்குடிக்குப் போய்க் கொய்யாத் தோப்பைக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார்கள். பழனி ரோட்டில் தார்ப்பாய் கட்டிய கடையில் அக்காதான் உட்காருகிறாள். போன மாதம் அந்தப் புத்தகத்தோடு அங்கே போனேன். அவள் இத்தனை வருஷம் திட்டியது சரியான ஆளைத்தான் என்று சொல்லிவிடலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். ஆனால் அவள் புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "என்னயப் பத்தி இதுல என்ன போட்டிருக்கு? ஒண்ணு விடாமச் சொல்லு" என்று கேட்டபோது, இன்னொரு தடவை பாதியை விழுங்க என்னால் முடியவில்லை. ஆன்ட்டிக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அம்மா மாற்றிச் சொன்னதையும் சொன்னேன்.

அப்போது கடை முன்னால் கார் ஒன்று வந்து நின்றது. "ஏனுங்க, செங்காயாப் போடட்டுங்களா, பழமாப் போடட்டுங்களா?" என்று அக்கா ஆயக்குடிப் பேச்சில் கேட்டு, நிறுத்துப் போட்டு அனுப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சித்தி அப்பிடியா சொன்னாங்க?"

"ஆமாக்கா."

"சரி, அவுக தம்பிக்காகச் சொன்னாங்க. வெள்ளக்காரி எழுதிப் பொழைக்கிறவ. அவ கெடக்கா." புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "நீயும் அங்கனதான நோட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருந்த. ஒனக்கு இங்கிலீசு தெரியுமில்ல?"

தெரியும் என்றேன்.