அகிலா அக்கா மேல போன கதை

எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "மேலுக்கு முடியல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். காய்ச்சல், கைகால் குடைச்சல், ராத்திரி தூக்கம் வராதது எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். போன வருஷம் ஆனி மாதத்திலிருந்து, அப்படி வந்து நிற்கிறவர்களிடம் முதலாளி அகிலாண்டேஸ்வரி அக்கா ஒரு எதிர்க்கேள்வி போட ஆரம்பித்தார்.

"அது கெடக்கட்டும். உங்க ஊருப் பக்கம் மேடு ஏதும் இருக்கா?"

கடை காரைக்குடி செக்காலையில் இருக்கிறது. அக்காவும் அவர் வீட்டுக்காரர் குருநாதன் அண்ணனும் நடத்துகிறார்கள். நான் ரோகிணி, கவுண்டரில் நிற்பவள். மாத்திரையை எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் வருகிறவர்களின் குரலைப் பிடித்து வைத்துக்கொள்வது என் வேலையில் சேராத வேலை. அக்காவின் குரல் பிரஷர் குக்கர் மாதிரி. சத்தமே இல்லாமல் இருந்து திடீரென்று விசில் அடிக்கும். அண்ணனுடையது சரியாக மூடாத குழாய். ஒரு வார்த்தை சொட்டும், அடுத்த வார்த்தைக்கு நாம் பாத்திரம் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

அக்காவுக்குச் சைக்கிள் பித்து பிடித்தது நாற்பத்து மூன்றாவது வயதில். மகன் அடம்பிடித்து வளைந்த கைப்பிடி வைத்த ரோடு சைக்கிள் ஒன்றை வாங்கினான், நாலு நாள் ஓட்டினான், கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டான். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் நின்று துணி காயப்போட உதவியது. "இம்புட்டு நல்ல வண்டி, கொடியாவா கெடக்கணும்?" என்று துணியை எடுத்துவிட்டு அக்கா ஏறி உட்கார்ந்தார். அதோடு சரி. பிறகு மதுரைச் சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்தார். அந்தக் குழு வருஷா வருஷம் ஆவணிக் கடைசியில் திண்டுக்கல் பக்கம் சிறுமலை ஏறும்.

முதல் முறை போனபோது நாலாவது கொண்டை ஊசி வளைவில் அக்கா காலை ஊன்றிவிட்டார். ஊன்றிய கால் மறுபடி மிதிகட்டைக்கு வரமாட்டேன் என்றுவிட்டது. பின்னால் வந்த வேனில் ஏற்றினார்கள். உட்கார இடமில்லாததால் டீ கேனை மடியில் வைத்துக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். குழுவை நடத்தும் காளிராஜ் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். அன்றிலிருந்து மதுரை வட்டாரத்தில் அக்காவுக்கு 'டீ கேன் மேடம்' என்று பெயர்.

"சிறுமலைன்னு பேரு வச்சவன் மட்டும் கையில சிக்குனான்…" என்று விசில் அடித்த அக்கா, அடுத்த வருஷம் கால் தரையில் படாமல் ஏறிக் காட்டுவதாகக் குழுவிலேயே எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் காரைக்குடியைச் சுற்றிப் பார்த்தார். தோசைக்கல்லைப் போலக் கிடந்தது ஊர். குன்றக்குடியில் மலை இருக்கிறது, படியும் இருக்கிறது, சைக்கிளுக்குத்தான் வழியில்லை.

இதற்கு அக்கா கண்டுபிடித்த உபாயம், முழங்கால் வலித் தைலம் வாங்க வருகிறவர்களை மடக்குவது. மேடு எங்கே இருக்கிறது என்று முட்டி வலிக்காரருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"ஏறயில வலிக்குதா, எறங்கயிலயா?"

"ஏறயிலதான் தாயி."

"எங்குட்டு ஏறுவீக?" என்பார் அக்கா, கண் மின்ன.

"எங்க வீட்டு மச்சுப் படியில."

அரியக்குடி முத்துராமன் ஐயா விவசாயி. காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஊருக்கே மந்தம் என்று நினைத்துக் கத்துவார். அவரிடம் அக்கா, "ஐயா, உங்க பக்கம் நல்ல ஏத்தம் இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

"ஏத்தமா! அதெல்லாம் எங்க அய்யா காலத்துல எறச்சது! இப்ப எல்லாருக்கும் கரண்டு மோட்டாருதான்! ஏன், கெணறு வெட்டப் போறீகளா?"

அவர் சொன்னது தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தை. அதோடு விடவில்லை. மறுநாள் தனக்குத் தெரிந்த கிணறு வெட்டும் ஆளைக் கடைக்கே அனுப்பி வைத்தார். அண்ணன்தான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பிறகு ஒரு கண்மாய்க்கரையை அக்கா கண்டுபிடித்தார். வயலிலிருந்து கரைக்கு ஏறும் தடம் குட்டையானது, ஆனால் நல்ல செங்குத்து. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த அக்காவை, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"என்னத்தா தொலச்ச? தாலிக்கொடியா?"

அக்கா மூச்சு வாங்கிப் பதில் சொல்வதற்குள் மூன்று பேர் சேலையைச் செருகிக்கொண்டு புல்லை விலக்கித் தேட ஆரம்பித்துவிட்டார்கள். "மேடு ஏறிப் பழகுறேன்னு சொல்ல வெக்கமாப் போச்சுடி" என்றார் என்னிடம். "நானும் சேந்து கொஞ்ச நேரம் தேடுனேன்."

அடுத்தது ரயில்வே மேம்பாலம். விடியற்காலையில் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, திரும்பி அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் இறங்குவார். மூன்றாம் நாள் ஆட்டோ ஓட்டும் சரவணகுமார் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, அண்ணனை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா நெனக்காதீக. வீட்டுல ஏதும் வருத்தமா? அக்கா பாலம் வரைக்கும் வாராக, போறாக, திரும்பி வாராக. போகவும் மனசில்ல, வரவும் மனசில்ல போல."

"அது…" என்று ஆரம்பித்தார் அண்ணன். அடுத்த சொட்டு விழுவதற்குள் சரவணகுமாருக்குச் சவாரி வந்துவிட்டது. செக்காலை முழுக்க அந்தச் செய்தி வேறுவிதமாகப் பரவியதற்கு அண்ணனின் வேகம்தான் காரணம்.

பாலம் ஏறி முடிப்பதற்குள் முடிந்துவிடும் ஏற்றம். சிறுமலைக்கு அது காணாது. ஆடி பிறந்துவிட்டது. அக்காவின் முகம் காலாவதியான மாத்திரை அட்டை மாதிரி ஆகிக்கொண்டே வந்தபோதுதான் பெத்தன் அண்ணன் வந்தார். மானகிரிக்கு அங்கிட்டு ஆடு வளர்ப்பவர். கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, நாலு வயல் தள்ளி மேயும் ஆட்டைக் கூப்பிடுகிற குரலில் பேசுவார். அவருக்கும் முட்டி வலி.

"மூச்சு முட்டணும், தொட கடுக்கணும், அப்படி எடமா? மேல போங்க தாயி! மானகிரியத் தாண்டி மேலயே போய்க்கிட்டு இருங்க. மத்தியானமாப் போங்க. நானே நாலு தடவ உக்காந்து உக்காந்துதான் போவேன்."

"எம்புட்டு மேல?"

"போகப் போக மேலதான்!"

அக்கா குடியிருப்பது மேலத்தெரு. அந்தத் தெரு எதற்கும் மேலே இல்லை, ஊருக்கு மேற்கே இருக்கிறது, அவ்வளவுதான். இருபது வருஷமாக அங்கேயே குடியிருக்கும் அக்காவுக்கு அந்த நிமிஷம் அது ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. ஆனால் அக்காவின் முகத்தில் அத்தனை நாள் கழித்து வெளிச்சம் வந்திருந்தது. நான் ஏன் கெடுப்பானேன்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனவர் சாயங்காலம் கடைக்கே நேராக வந்தார். ஹெல்மெட்டுக்கு வெளியே இருந்த முடியெல்லாம் பிரித்துப்போட்ட வைக்கோல்.

"ரோடு பலகையாட்டம் கெடக்குடி! மேடு எங்க இருக்கு? மண்ணாங்கட்டி! எதுக்க காத்து மட்டும்தான் இருக்கு. மேட்டுக்குன்னு இருக்குற கடேசி கியருல போட்டு மிதிக்கிறேன், நவுரவே மாட்டேங்குது. ரெண்டு ஆடு என்னைய முந்திக்கிட்டுப் போகுதுடி!"

செவ்வாய்க்கிழமை பெத்தன் அண்ணன் தைலம் தீர்ந்து வந்தபோது அக்கா பிடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, மேலன்னு சொல்லிப்புட்டு இப்படி அலைய விடலாமா?"

"மேலன்னா மேக்கதானே தாயி! நீங்க வேற எங்க போனீக? ஆடியில மேகாத்து மூஞ்சியில அறஞ்சா மூச்சு முட்டாம என்ன செய்யும்? நீங்க எத்தன தடவ உக்காந்தீக?"

அக்கா விசில் அடிக்க வாயைத் திறந்தார். பிறகு தைலப் புட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உக்காரல" என்றார் மெதுவாக. "ரோகிணி, பிள்ளையார்பட்டி ஆர்ச்சு வரைக்கும் கடேசி கியருதாண்டி. அன்னைக்கு மலையிலயும் இதே கியருதான். ஆனா இந்தக் காத்துல நான் கால ஊனவே இல்ல."

அன்றிலிருந்து கடையில் கூட்டம் குறையும் மத்தியான நேரத்தில் அக்கா மேற்கே புறப்பட்டார். காற்று பலமாக இருக்கிற நாளில் சந்தோஷமாகவும், அடங்கியிருக்கிற நாளில் முணுமுணுத்துக்கொண்டும் போவார். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் விட்டுவிடும். "போறப்ப அழுதுகிட்டுப் போறா," என்றார் அண்ணன். நான் காத்திருந்தேன். "வாறப்ப பாடிக்கிட்டு வாறா."

இந்தச் சமயத்தில்தான் கண்ணம்மை ஆச்சி பிரஷர் மாத்திரைக்கு வந்தார். ஆச்சியின் பேச்சு வெல்லப்பாகு, இழுத்தால் அறுபடாது.

"அகிலா எங்க, காணமே?"

"மேல போயிட்டாக ஆச்சி" என்றேன் நான், மாத்திரையைத் தேடிக்கொண்டே.

ஆச்சி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அடிப் பாவி மகளே… நேத்துக்கூட நல்லாத்தானே பேசுனா…"

"மேக்க ஆச்சி, மேக்க!" என்று உள்ளேயிருந்து ஓடிவந்தார் அண்ணன். "நாலு மணிக்கு வந்துருவா!"

அண்ணனுக்கு ஒரு சந்தேகம் மட்டும் உள்ளுக்குள் இருந்தது. ஒருநாள் சொல்லியும்விட்டார். "காத்து அப்பப்ப மூச்சு விடும் அகிலா. மலை விடாது." அன்று மத்தியானம் அக்கா கூடுதலாக ஒரு தடவை போய்வந்தார்.

ஆவணிக் கடைசி ஞாயிறு. கடையைப் பூட்டிவிட்டு அண்ணனும் நானும் காளிராஜின் வேனில் உட்கார்ந்திருந்தோம், நடுவில் அதே டீ கேன். காளிராஜுக்கு மைக் தேவையில்லை, இருந்தாலும் கையில் ஒன்றை வைத்திருப்பார். "மேடத்துக்கு சீட்டு ரெடி, கேனும் ரெடி!" என்று கீழேயே அறிவித்துவிட்டார்.

நாலாவது வளைவில் வேனை நிறுத்திக் காத்திருந்தோம். மிளகாய்ப்பழ நிறத்தில் முகத்தோடு அக்கா வந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. கண் தரையில், கால் மிதிகட்டையில். வளைவைத் தாண்டி மறைந்தார். காளிராஜ் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"டீ கேன் மேடம்… மன்னிக்கணும், அகிலாண்டேஸ்வரி மேடம் நாலத் தாண்டிட்டாங்கப்போய்!"

பத்தாவதில் ஆடிக்கொண்டு ஏறினார். உச்சிக்கு ரெண்டே வளைவு பாக்கி இருக்கும்போது, வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று மேலிருந்து ஹாரன் அடித்தபடி இறங்கியது. அக்கா ஓரம் ஒதுங்கினார். சைக்கிள் நின்றேவிட்டது. சாய்ந்தது. அப்போது பக்கத்தில் ஒரு குழாய் வெடித்தது.

"ஊனாத! ஊனாத! ஊனாத!"

குருநாதன் அண்ணன்தான், வேன் ஜன்னலில் இடுப்பு வரை வெளியே. லாரி டிரைவர் என்னமோ ஏதோவென்று பிரேக் போட்டார். அக்கா கையை நீட்டிப் சாலையோரத் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு காலும் மிதிகட்டையில். ஒரு பெருமூச்சு, சுவரில் ஒரு தள்ளு, சைக்கிள் நகர்ந்துவிட்டது.

"கைய ஊனுனா கணக்குல வருமா சார்?" என்று காளிராஜைக் கேட்டேன்.

"காலுன்னுதான்மா எழுதியிருந்தாங்க. கையப் பத்திப் பேச்சே இல்ல" என்றார் அவர், முதல்முறையாக மைக் இல்லாமல்.

உச்சியில் டீக்கடை முன்னால் குழுவே நின்று கைதட்டியது. அக்கா வந்தார். நிற்கவில்லை. டீக்கடையைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு இன்னொரு வட்டம்.

"எறங்கு அகிலா, வந்தாச்சு!" என்றார் அண்ணன்.

"எறங்குனா கால ஊனணுமே!" என்றார் அக்கா சுற்றிக்கொண்டே. "ரோகிணி, வீடியோ எடுக்கிறியா? நல்லா எடுடி! பெத்தண்ணன்ட்ட காட்டணும், அகிலா மேல வந்துட்டான்னு!"

"எந்த மேல அக்கா?"

"காரைக்குடிக்கு இதுவும் மேக்கதாண்டி!"

காளிராஜ் ஒரு டம்ளர் டீயைப் பிடித்து, வட்டத்தின் ஓரத்தில் போய் நீட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது சுற்றில் அக்கா அதை எட்டி வாங்கினார். நாலாவது சுற்றில், டீ சிந்தக்கூடாதே என்றுதான், காலை ஊன்றினார்.