பக்கத்து வீட்டுக்கு ஒரு பத்திரிகை

மகள் கல்யாணத்துக்கு ஆங்கிலத்தில்தான் பத்திரிகை அடித்தோம். மைசூர்ச் சொந்தத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதிலிருந்த ‘கார்டியலி’ என்ற சொல்லைக் காட்டி, “இது எதுக்கு? சும்மா பகட்டா?” என்று கேட்டேன். மகள் போனில் தேடிப் படித்தாள். லத்தீனில் இதயத்துக்கு ‘கோர்’ என்று பெயராம். அதிலிருந்து பிறந்த ‘கார்டியல்’, முன்பு நெஞ்சுக்குத் தெம்பு தரும் மருந்துக்குப் பெயராக இருந்ததாம். அப்புறம் பழரசத்துக்கும் ஆகியிருக்கிறது. மனசாரப் பழகுவதற்கும் அதே சொல்தான்.

“நெஞ்சார அழைக்கிறோம்னு அர்த்தம்மா.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேவராஜ மொஹல்லாவில் எப்போதோ பாத்திரம் வாங்கிய கடைக்காரருக்குக்கூட, நானும் கணவரும் ஜோடியாகப் போய்க் குங்குமம், அட்சதையோடு பத்திரிகை வைத்தோம்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்காவுக்கு மட்டும், துணி காயப்போட்டபடியே மதில் மேலாக நீட்டினேன். “நீங்க நம்ம வீட்டு மனுஷிதானே அக்கா!” அவர் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு நான்கு நாள் மதில் பக்கமே வரவில்லை.

“அப்படி என்ன வீம்பு?” என்று வீட்டில் கத்தினேன். மகள் அழுதாள். பிறந்ததும் அவளை முதலில் கையில் ஏந்தியவர் அந்த அக்கா. “பெரியம்மா வரலைன்னா தாலி கட்டுறப்ப என் பக்கத்துல யாரும்மா நிப்பாங்க?”

கணவர் மெதுவாகக் கேட்டார். “அவங்க பையன் கல்யாணத்துக்கு நம்மள எப்படி அழைச்சாங்க?”

ஒரு சுவர்தான் நடுவில். ஆனாலும் அப்போது அக்காவும் அவர் கணவரும் தங்கள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி, எங்கள் வாசல் வழியாக வந்தார்கள். எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து அழைத்தார்கள்.

அன்று சாயங்காலமே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கணவரோடு அதே தெருவைச் சுற்றிப் போனேன். அக்கா நெற்றியில் குங்குமம் வைத்து, புதுப் பத்திரிகை ஒன்றைக் கையில் கொடுத்தேன். “தப்புப் பண்ணிட்டேன் அக்கா. குடும்பத்தோட வரணும்” என்றேன். வெட்கமாகவும் இருந்தது, அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

“கரெயதே ஹேகே பரோது? கூப்பிடாம எப்படி வர்றது?” என்று கன்னடமும் தமிழுமாகக் கோபித்துக்கொண்டார். பிறகு முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“சொல்லும்மா, முகூர்த்தம் என்னைக்கு?”

நாள் குறிக்க எங்களை ஜோசியரிடம் கூட்டிப்போனதே அவர்தான்.