மீதிப் பாதி ஹாப்ஸ்

பீர் காய்ச்சும்போது ஹாப்ஸ் பூவை எப்போது போடுகிறோம் என்பதுதான் சங்கதி. கொதியின் தொடக்கத்தில் போட்டால் கசப்பு இறங்கும். அடுப்பை அணைத்தபின் போட்டால் வாசனை நிற்கும். தபாலில் வந்த என் ஒரே பொட்டலத்தில் பாதியைக் கசப்புக்குப் போட்டு, மீதியை வாசனைக்கு வைத்திருந்தேன்.

“இன்னாடா கொதிக்குது?” என்றாள் அம்மா.

“மூலிகைம்மா.” உத்திரமேரூரில் வேறு என்ன சொல்வது?

அடுப்பை அணைத்து, குண்டானைத் தரையில் இறக்கி, மீதியைப் போட்டேன். எலுமிச்சை வாசம் குப்பென்று எழுந்தது. தோட்டத்தில் காயவைத்திருந்த மூடியை எடுத்து வருவதற்குள், சளி பிடித்திருந்த அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு குண்டானில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார்.

“நைனா, எழுந்துரு! வாசன போவுது!”

“எங்க போவுது? உள்ளதான் ஏறிக்கினு கீது,” என்றது போர்வை. “பேஜார் பண்ணாத.”

“மூலிகைதான? பெத்தவரு புடிச்சா இன்னா கொறஞ்சிபூடும்?” என்றாள் அம்மா.

போர்வை விலகியது. அப்பாவின் மூக்கு நன்றாகவே திறந்திருந்தது; சளியில் பாதி குண்டானுக்குள் சொட்டியிருந்தது. எல்லாவற்றையும் வாழை மரத்தடியில் ஊற்றினேன்.

அடுத்த பொட்டலத்துக்குச் சொல்லியிருக்கிறேன். என்னைவிட அப்பாதான் தபால்காரரை எதிர்பார்க்கிறார்.